பதினாலாம் நம்பர் வீடு

“அந்த மேயர் உருப்படுவானாம்மா? நீயே சொல்லு, உருப்படுவானா?”

மாநகராட்சி அலுவலகத்தின் புகார் கவுண்ட்டரில், கண்ணாடித் தடுப்பில் மூக்கு இடிக்கும்படி குனிந்து கேட்டார் பெரியவர். எண்பது வயதிருக்கும். காலில் வீட்டுக்குள் போடும் செருப்பு.

மற்றவர்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்றே வாரமான எழுத்தர் பெண் மட்டும் இருந்தாள்.

“உள்ள வந்து உக்காருங்க ஐயா. என்ன புகார்?”

பெரியவர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். “என் வீட்டைக் காணோம்.”

“வீட்டையா?”

“கயிறுக்காரத் தெரு, பதினாலாம் நம்பர். காலையில போய்ப் பார்த்தா வீடும் இல்ல, தெருவும் இல்ல. பாலம் நிக்குது! எங்க அடுப்படி இருந்த இடத்துல இம்மாம் பெரிய தூண்!”

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். பழைய கோப்பு ஒன்று திறந்தது.

“அந்தத் தெருவை முப்பது வருஷத்துக்கு முன்னாடியே இடிச்சிட்டாங்க ஐயா. இருநூத்திப் பத்து வீடு.”

“யாரு இடிச்சது?”

“அப்ப இருந்த மேயர்தான்.”

“அதான் கேட்டேன், உருப்படுவானான்னு!” மேசையில் ஓங்கித் தட்டினார். “பாலத்துல அவன் பேரு. பூங்காவுல அவன் பேரு. கீழ கழிப்பறைக்குப் போனேன், அங்கயும் கல்வெட்டுல அவன் பேரு! மனுஷனை நிம்மதியா ஒண்ணுக்குப் போக விடறானா?”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காதம்மா, எனக்கு வயிறு எரியுது. இடிச்சானே, மாத்து இடம் குடுத்தானா?”

“குடுத்திருக்கார். ஊருக்கு வெளியில, சதுப்பு நிலத்துல.”

“தவளைக்குக் குடுக்க வேண்டியதை மனுஷனுக்குக் குடுத்திருக்கான். யாருமே எதிர்த்துக் கேட்கலையா?”

“நூத்துக்கணக்குல மனு குடுத்திருக்காங்க ஐயா. எல்லாத்துலயும் ‘பார்த்தேன்’னு ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார்.”

“பார்த்தானாம்! சினிமாவா பார்த்தான்? இவனுக்கெல்லாம் மாலை போட்டுக் கை தட்டினாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்!”

மூச்சு வாங்கியது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

“எங்கம்மா அந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியில தங்கினது கிடையாது. அவங்களை எங்க கொண்டுபோய் விட்டானோ, தெரியலையே...”

ஞாபகம் தடுமாறுகிறது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. மனசு கேட்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல மனு எழுதினாள். பேர் கேட்டதற்கு, ‘பதினாலாம் நம்பர் வீட்டுப் பையன்னு போடு’ என்றார். ‘மனசாட்சியே இல்லாத செயல்’ என்று தன் பங்குக்கும் ஒரு வரி சேர்த்தாள்.

“அப்பா!”

ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “மன்னிச்சிருங்கம்மா. இந்த வாரத்துல இது மூணாவது தடவை. கொஞ்சம் அசந்தா போதும், வீட்டை விட்டு எங்கயாவது கிளம்பிடறார்.”

“நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க?” எழுத்தர் பெண் பொரிந்து தள்ளினாள். “தள்ளாத வயசுல இவரை இப்படித் தெருத்தெருவா அலைய விட்டானே, அந்த மேயர் கேக்கணும் மன்னிப்பு! அந்த ஆள் மட்டும் என் எதிர்ல வந்து உக்காரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்.”

பெரியவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். “விடாதே, நல்லாக் கேளு!”

மகள் அவர் முகத்து வியர்வையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

“கேளுங்கம்மா, எதிர்லதான் உக்காந்திருக்கார்,” என்றாள். “பெத்த தாய் காலைப் பிடிச்சு அழுதும் கேக்காம அந்தத் தெருவை இடிச்ச மேயர் இவர்தான். எல்லாம் மறந்துபோச்சு, பொறந்த வீடு மட்டும்தான் ஞாபகத்துல நிக்குது.”