விறைத்த வாய்

“நான்தான் குடுத்தனான், டொக்டர். மீன் ரோல்ஸ். பிள்ளை பசிக்குதெண்டவள்.”

“ஊசி விறைப்புப் போகுமட்டும் ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டு இப்பதானே சொன்னனான்!”

பல் பிடுங்கிய கையோடு பிரசாந்தனின் மகள் பூரணி ரோல்ஸையும் கடித்து, உணர்ச்சியில்லாத தன் உதட்டையும் சேர்த்துக் கடித்திருந்தாள். டொக்டர் நஸ்ரி அவனை வெளியே கதிரையில் இருத்திவிட்டு, பிள்ளையை மட்டும் மறுபடி உள்ளே கூட்டிப்போனார்.

உதட்டைவிடப் பெரிய பிரச்சினை வீட்டில் இருந்தது. சம்பூரில் மச்சானின் புதுவீட்டுக் குடிபூரலில், “சிவரூபியின்ர புட்டிலயே அத்திவாரம் போட்டிருக்கலாம்” என்று சபை நடுவே பகிடி விட்டவன் பிரசாந்தன். எல்லோரும் சிரித்தார்கள், அவன் மனைவி சிவரூபியைத் தவிர. அன்றிலிருந்து ஒரு கிழமையாகப் புருசனும் பெண்சாதியும் கதைப்பதெல்லாம் பூரணி மூலம்தான். இப்போது அந்தத் தபாற்காரியின் வாயும் விறைத்துவிட்டது.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே சிவரூபி தொடங்கினாள்.

“பூரணி, உதடு என்னெண்டு வீங்கினதெண்டு உன்ர அப்பாட்டக் கேள்.”

“அழ்ழ... ழொழ்...” என்றாள் பூரணி.

சிவரூபி சுவரைப் பார்த்தாள். கலண்டரைப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் புருசனைப் பார்த்தாள்.

“என்ன குடுத்தனீங்கள்?”

“மீன் ரோல்ஸ்.”

“பல்லுப் பிடுங்கின பிள்ளைக்கோ?”

“அரைவாசியை நான்தான் சாப்பிட்டனான்.”

சிவரூபியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைக் கண்ட தைரியத்தில் அவன் சொன்னான்:

“அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது, ரூபி. ஊசி என்ர வாய்க்குத்தான் போட்டிருக்கோணும்.”

“இப்பவும் ஒண்டும் பிந்தேல்லை,” என்றாள். ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சிய கஞ்சியில் அவனுக்கும் ஒரு கோப்பை வந்தது.

பொழுதுபட்ட பிறகும் பூரணி ‘ழொழ்’ என்றே கதைத்தாள். பிரசாந்தனுக்குப் பயம் பிடித்தது. டொக்டருக்குப் போன் எடுத்தான்.

“வாய் இன்னும் விறைச்சபடியே கிடக்கு, டொக்டர்!”

“இருக்காதே! விறைப்பை எடுக்கிற ஊசி அப்பவே போட்டனான். பிள்ளை உங்களிட்டச் சொல்லேல்லையோ? நீங்கள் வெளிக்கிட்ட கையோட உங்கட மனிசியும் போன் எடுத்துக் கேட்டவ. ரோல்ஸ் கதை, ஊசிக் கதை எல்லாம் அவவுக்குச் சொன்னனானே.”

பிரசாந்தன் போனை வைத்துவிட்டு, சிவரூபி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் போய் நின்றான்.

“பிள்ளை நடிக்கிறாளெண்டு உமக்கு முதலே தெரியுமோ?”

“ஓம், தெரியும்,” என்றாள் சிவரூபி, அவன் முகத்தை நேராகப் பார்த்து. “உங்களோட கதைக்க எனக்கும் ஒரு சாட்டு வேணுமே!”