உள்ளேயிருந்து வந்த பதில்

கடலோர வீட்டு இரும்புக் கேட்டின் துருவைச் சுரண்டாமலே, வீட்டுக்காரர் பொங்கலுக்குப் பொங்கல் அதன்மேல் பெயிண்ட் அடிப்பார்.

ஒரு வருஷம் அடித்த நீலப் பெயிண்ட் தினமும் கேட்கும்: "இரும்பண்ணே, உள்ளே பத்திரமா இருக்கீங்களா?"

"இருக்கேன், தம்பி."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அது உப்புக்காற்றையும் வெயிலையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு நின்றது.

ஐப்பசி மழையில் நீலத்தில் ஒரு கொப்புளம் வெடித்தது. அந்த ஓட்டை வழியே அது உள்ளே எட்டிப் பார்த்தது. இருந்ததெல்லாம் துருதான்.

"அண்ணன் எங்கே?"

"அவர் போய் ரொம்ப வருஷமாச்சு" என்றது துரு.

"அப்போ எனக்குப் பதில் சொன்னது?"

"நான்தான். உண்மை தெரிஞ்சா நீ நிற்பியா?"

பொங்கல் வந்தது. நீலத்தின்மேல் பச்சைப் பெயிண்ட் ஏறியது.

"அண்ணே, உள்ளே எல்லாரும் பத்திரமா?" என்று கேட்டது பச்சை.

நீலம் தன் ஓட்டை வழியே துருவை ஒருமுறை பார்த்தது. பிறகு, "பத்திரமா இருக்கோம், தம்பி" என்றது.