ஒண்ணாங்கிளாஸ் பையன்

"திங்கக்கிழமை சிதம்பரத்துல, பயிற்சிக்கு வந்த வாத்தியாருங்க எல்லாரும் பார்க்க நான் மாதிரிப் பாடம் நடத்தணும். கோட்டை விட்டா வேலை நிரந்தரம் ஆகாது. நீங்கதான் ஒண்ணாங்கிளாஸ் பையன், உட்காருங்க" என்றாள் கிருபாவதி. லுத்தரன் பள்ளிக்கூடத்து டீச்சர். கல்யாணமாகி ரெண்டு மாசம்.

கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த புருஷன் ஆசீர்வாதம் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

சிலேட்டில் 'படகு' என்று எழுதி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வைத்தாள். பிறகு ஒரே ஒரு எழுத்தைத் தனியாக எழுதிக் கேட்டாள்.

"தெரியாது டீச்சர்."

மறுபடியும் சொல்லிக்கொடுத்தாள். மறுபடியும் தெரியாது.

"சரியான மக்கு!"

"பையன்கிட்டயும் இப்படித்தான் சொல்லுவியா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்து, ஒரு படகும் ஒரு பழமும் வரைந்து, கீழே பேரை எழுதினாள்.

"ரெண்டுலயும் முதல்ல இருக்கிறது யாரு?"

அவன் விரலால் தடவிப் பார்த்தான். "அட! படகுல இருந்தவன்தான் பழத்துலயும் வந்து குந்தியிருக்கான். இவன் 'ப'!"

கிருபாவதி சிரித்துவிட்டாள். "இப்படியே நடத்திடுறேன். எழுந்திருங்க, நல்லா நடிச்சீங்க."

அவன் எழவில்லை. ஞாயிறுதோறும் சர்ச்சில் விரித்துப் பிடித்துக்கொண்டு உரக்கப் பாடும் ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்தான்.

"இதுவும் 'ப'தானே? பாட்டெல்லாம் காதால கேட்டு மனப்பாடம் பண்ணினது, கிருபா. நான் நடிச்சது சர்ச்சுலதான். இங்க இல்லை."

அவள் சிலேட்டைத் துடைத்தாள்.

"நேரா உட்காருங்க. அடுத்தது 'ட'."