கிண்ணத்துக்குள் தண்ணீர்

கிண்ணத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் காதோரம் வைத்து உலுக்கினார்.

சத்தம் இல்லை.

அப்படியானால் தயார். ஐஸ்கிரீம் மெஷினோடு வந்த புத்தகத்தில் அந்த இடத்தில் மகள் பேனாவால் கோடு போட்டிருந்தாள். கிண்ணத்தின் இரட்டைச் சுவருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அது முழுக்க உறைய ஒரு நாள் ஆகும். உலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கக் கூடாது.

சத்தமே இல்லாதபோது ஒரு நாள் எதற்குக் காத்திருக்க வேண்டும்? உள்ளே மனைவி விசாலம் பசியோடு கிடக்கிறாள்.

புற்றுக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்த பிறகு அவள் தொண்டையெல்லாம் புண். கஞ்சி இறங்கவில்லை. கடை ஐஸ்கிரீம் எரிந்தது. மகள் பாலும் சர்க்கரையும் மட்டும் போட்டு இந்த மெஷினில் செய்து கொடுத்தது நாலு கரண்டி இறங்கியது.

மகள் ஊருக்குப் போய் மூன்று நாளாகிறது. மூன்று நாளும் பால் உறையவில்லை.

அவர் எதிலும் குறை வைக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் நூற்பாலை இரைச்சலுக்கு நடுவே மெஷின்களோடு மல்லுக்கட்டியவர். கிண்ணத்தை ஈரம் போகத் துடைத்த பிறகுதான் உள்ளே வைப்பார். சில்வர் கரண்டி படவே விடமாட்டார்.

இன்றும் அரை மணி சுற்றியது. மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது.

எரிச்சலாக வந்தது. காலையிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை.

விசாலம் மறுபடியும் படுக்கையை நனைத்திருந்தாள். பேச்சு நின்றுபோனதால் தலைமாட்டில் டம்ளரும் கரண்டியும் வைத்திருந்தார்கள். தட்டினால் போதும். அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிடுவார்.

"ஒரு தட்டு தட்டினா என்ன? அப்படி என்ன வீம்பு உனக்கு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மறுபடி ஃப்ரீசரில் வைத்தார். சாயங்காலம் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் சந்தனராஜைக் கையோடு கூட்டி வந்தார். மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, அதுதான் கோளாறு என்றார்.

சந்தனராஜ் ஓட்டிப் பார்த்தான். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். கிண்ணத்தைக் கேட்டான்.

அவர் எடுத்து, உலுக்கி, உறைந்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்தார்.

அவன் வாங்கி ஒருமுறை உலுக்கினான்.

"உள்ள தண்ணி ஆடுதே அண்ணாச்சி."

அவர் பிடுங்கி வலது காதில் வைத்து உலுக்கினார். இடது காதில் வைத்து உலுக்கினார். சந்தனராஜ் தரையைப் பார்த்தான்.

கிண்ணத்தை மேடைமேல் வைத்தார்.

டம்ளர் ஞாபகம் வந்தது.

அறைக்குப் போனார். விசாலம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

"தட்டுனியா?"

அவள் மெல்லத் திரும்பினாள். அவரை வெகுநேரம் பார்த்தாள். தலைமாட்டிலிருந்த கரண்டியை எடுத்து டம்ளரில் ஒரு தட்டுத் தட்டினாள். அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தட்டு. சத்தம் இல்லை.

பிறகு கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.