பார்த்து எழுதியவர்

கட்டம் போட்ட சட்டைக்காரர் மறுபடியும் பின்னால் வந்து நின்றார்.

தலைமையாசிரியை கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாரே தவிர, கண்ணுக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. விமானம் மாறுகிற ஊரில் இறங்கியதிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால் கொஞ்சம் தள்ளி அந்த ஆள். இவர் வரிசை மாறினால் அந்த ஆளும் மாறுகிறார்.

"யாரையும் நம்பிடாதேம்மா. யார் எதைக் குடுத்தாலும் வாங்காதே" என்று மகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

பாதுகாப்புச் சோதனையில் வளையல்களைக் கழற்றி டிரேயில் வைத்தார். எல்லாம் புதுத் தங்கம். மருமகளுக்காக ஆசை ஆசையாய் வாங்கியவை. அந்த ஆளின் பார்வை நேராக டிரேக்குப் போனது.

தலைமையாசிரியை செருப்பைக் கழற்றினார். அந்த ஆளும் கழற்றினார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாங்கம்மா" என்று சிரித்தார் அந்த ஆள்.

அந்தச் சிரிப்புதான் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒன்றும் வேண்டாதவன் எதற்காகப் பின்னாலேயே வரவேண்டும்?

போதாததற்கு விமானத்தில் பக்கத்து இருக்கையும் அவருக்கே அமைந்தது. இறங்குவதற்கு முன் சுங்கப் படிவம் கொடுத்தார்கள். பெயர், பாஸ்போர்ட் நம்பரெல்லாம் பணிப்பெண்ணே அந்த ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கேள்விகளுக்கு டிக் போடுவதுதான் பாக்கி.

"அம்மா, இதுல எங்கங்க போடணும்?"

"எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணையே கேளுங்க."

வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தன் படிவத்தில் குனிந்தார். அனுமதித்த அளவுக்கு மேல் தங்கம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. பேனா கொஞ்சம் தயங்கியது. கையில் போட்டிருப்பதையெல்லாமா கணக்குக் காட்டுவார்கள்? 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

நிமிர்ந்தால், அந்த ஆள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

சட்டென்று உள்ளங்கையால் மூடினார். பரீட்சை ஹாலில் இப்படி எத்தனை கழுத்துகளைப் பார்த்திருப்பார்!

விமானம் இறங்கியது. பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கச் சோதனைப் பக்கம் திரும்பும்போது, தலைமையாசிரியை வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டார். புடவைக்கு மேல் போட்டிருந்த கோட்டின் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பட்டனைப் போட்டார். உள்ளே ஏசி குளிர் அதிகம்தான்.

திரும்பிப் பார்த்தால் அந்த ஆளும் சட்டையின் கழுத்துப் பட்டனை அவசர அவசரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். மூடுவதற்குள் கழுத்தில் என்னவோ பளிச்சென்று மின்னியது.

மாட்டிக்கிட்டார்! தலைமையாசிரியை விறுவிறுவென்று அங்கிருந்த தமிழ் தெரிந்த சுங்க அதிகாரியிடம் போனார்.

"சார், அந்தக் கட்டம் போட்ட சட்டையை நிறுத்துங்க. எதையோ மறைக்கிறார்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவ. காப்பி அடிக்கிற பிள்ளையை முழியை வெச்சே கண்டுபிடிச்சிடுவேன்."

அதிகாரி அந்த ஆளைக் கூப்பிட்டார். "நீங்களும் கொஞ்சம் இருங்க டீச்சர்" என்றார். இருக்கமாட்டாரா பின்னே? கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார் தலைமையாசிரியை.

"சட்டைப் பட்டனைக் கழட்டுங்க."

கழற்றினார். நூல் மாதிரி ஒரு சங்கிலி.

"பேத்திக்குங்க சார். பிறந்ததுலேர்ந்து இன்னும் நான் பார்க்கவே இல்லை."

அதிகாரி அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இத்தனூண்டுக்கு வரியே கிடையாதே. இதைப் போய் ஏன் மறைச்சீங்க?"

"மறைக்கிறதா?" அந்த ஆள் பயந்துவிட்டார். "ஐயோ, இல்லைங்க சார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிளேன் ஏறுறதும் இதான் முதல் தடவை. 'படிச்சவங்களா ஒருத்தரைப் பார்த்து வெச்சுக்கோப்பா, அவங்க என்ன செய்யறாங்களோ அதையே செய், ஒரு தப்பும் வராது'ன்னு என் மக சொன்னா. இந்த அம்மாவைப் பார்த்தா நல்லா படிச்சவங்களா தெரிஞ்சுது. அதான் பின்னாலேயே வந்தேன். செருப்பைக் கழட்டினாங்க, கழட்டினேன். அந்தக் காகிதத்துல டிக் போட்டாங்க, அதே இடத்துல நானும் போட்டேன். இங்க வந்ததும் வளையலையெல்லாம் மேல ஏத்திட்டுப் பட்டன் போட்டாங்க. நகை இருந்தா மூடிக்கிட்டுத்தான் போகணும்போலன்னு நானும்..."

அதிகாரி அதற்குமேல் அவரைப் பார்க்கவில்லை. கட்டிக்கொண்டிருந்த தலைமையாசிரியையின் கைகளைப் பார்த்தார்.

"டீச்சர், உங்க கோட்டுப் பட்டனைக் கொஞ்சம் கழட்டுங்க."

தலைமையாசிரியைக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. எத்தனையோ பிள்ளைகளை வகுப்பு நடுவில் எழுப்பி நிறுத்தியவர், இப்போது தானே எல்லோர் நடுவிலும் நின்றார். பட்டனைக் கழற்றினார். வளையல்கள் கலகலவென்று மணிக்கட்டுக்கு வந்து விழுந்தன.

"நீங்க போகலாம் பெரியவரே" என்றார் அதிகாரி, சங்கிலியைத் திருப்பிக் கொடுத்து.

கட்டம் போட்ட சட்டைக்காரர் நகரவில்லை. பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு நின்றார்.

"இன்னும் என்ன?"

"டீச்சரம்மாவும் வந்துடட்டும் சார். அவங்க எப்படிப் போறாங்கன்னு பார்த்துத்தானே நான் போகணும்."