இனிஷியல் கட்டம்

மறுபடியும் படம்தான் அனுப்பியிருந்தான்.

திரையில் வரும் பிழைச்செய்தியை எழுத்தாக எடுத்து ஒட்டுங்கள் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் கைப்பேசியில் படம் பிடித்துப் பிடித்து அனுப்புகிறான். கோணலாக. பாதித் திரை வெட்டுப்பட்டு. இந்த முறை தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி வேறு அதில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் சாம்பார்.

அவள் எழுதிய கணினி நிரல்தான். குடியிருப்பின் பொங்கல் விளையாட்டுக்காக எழுதியது. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டி, பெயர்களைக் கொடுத்தால் போதும். எல்லோருக்கும் நெஞ்சில் குத்திக்கொள்ளும் அட்டை தயாராகிவிடும். இடது பக்கம் சிவப்புக் கட்டத்தில் பெரிதாக இனிஷியல், பக்கத்தில் பெயர். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிரலை இணையத்தில் திறந்து போட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் சம்பளம் கொடுத்து வைத்த ஆள் மாதிரி அவளை விரட்டினார்கள்.

இவன் தூத்துக்குடி பக்கம் ஏதோ கபடிக் குழு. கணக்கில் குழுவின் பெயர்தான் இருந்தது, ஆள் பெயர் இல்லை. சாயங்காலம் போட்டியாம். அட்டை இல்லாமல் மைதானத்துக்குள் விடமாட்டார்களாம். நிரல் பாதியிலேயே செத்து விழுகிறதாம், ஒருவருக்கும் அட்டை வரவில்லையாம்.

பெயர்களையாவது அப்படியே அனுப்பித் தொலையுங்கள் என்று எழுதினாள். 'தொலையுங்கள்' என்பதை மட்டும் திருத்திவிட்டு அனுப்பினாள்.

வந்தது. ஓடவிட்டாள். அவளிடமும் செத்து விழுந்தது.

சு. மாரியப்பன். அ. சேவியர். ரா. இசக்கிமுத்து. அதற்குக் கீழே வெறும் அமலன்.

அதுதான் விஷயம். புள்ளிக்கு முன்னால் இருப்பது இனிஷியல், பின்னால் இருப்பது பெயர் என்று நிரல் பிரிக்கும். புள்ளியே இல்லையென்றால் எதைப் பிரிக்கும்? அங்கேயே விழுந்துவிடும். அந்த ஒருவனோடு மற்றவர்களின் அட்டையும் போய்விடும்.

ஒரே ஒரு எழுத்தைப் போட மறந்துவிட்டுக் காலையிலிருந்து உயிரை வாங்கியிருக்கிறான்.

அமலன் என்ற பெயருக்கு இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது, போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்று பதில் எழுதினாள். நிரலின் பக்கத்தில் அவன் பதிந்திருந்த புகாரின் மேல் 'பயன்படுத்துபவர் தவறு' என்று குறித்து மூடினாள். நிம்மதியாக இருந்தது. தவறு தன் நிரலில் இல்லை.

சாம்பாரை இறக்கி வைப்பதற்குள் பதில்.

"என்ன எழுத்து போடணும் மேடம்?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இதையும் நானா சொல்ல வேண்டும்? அவருடைய அப்பா பெயரின் முதல் எழுத்து, அவரையே கேளுங்கள் என்று தட்டினாள். 'அவரையே' என்பதில் ஒரு குத்து இருந்தது. வேண்டுமென்றேதான் வைத்தாள்.

கரண்டியை எடுத்துச் சாம்பாரைக் கிளறினாள்.

பிறகு வந்தது. படம் இல்லை. எழுத்து.

"அமலன் நான்தான் மேடம். ஹோம்ல வளந்தவன். எனக்கு யாரும் போட்டுத் தரல."

கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஏதோ ஓர் எழுத்தைப் போட்டு ஓட்டியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவனுக்கும் அது தோன்றியிருக்கும். போடவில்லை. காலையிலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுதியதெல்லாம் மேலே அப்படியே இருந்தது. ஊரே படிக்கக்கூடிய பக்கம். திருத்தினாலும் திருத்திய தடம் நிற்கும்.

மன்னித்துவிடுங்கள் என்று தட்டினாள். அழித்தாள். மதியத்துக்குள் சரிசெய்து தருகிறேன் என்று மட்டும் எழுதினாள்.

மூடிய புகாரைத் திறந்தாள்.

திருத்தம் ஒரே வரிதான். புள்ளி இல்லையென்றால் முழுவதையும் பெயராக எடுத்துக்கொள். ஓடவிட்டாள். விழவில்லை. எல்லோருக்கும் அட்டை வந்தது.

அமலனின் அட்டையைப் பார்த்தாள். பெயர் சரியாக இருந்தது. இடது பக்கம் சிவப்புக் கட்டம்.

உள்ளே ஒன்றும் இல்லை.

மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனுக்கும் அந்தக் காலிக் கட்டம் தெரியும்.

அவனுக்கு மட்டும் கட்டத்தை எடுத்துப் பார்த்தாள். இன்னும் மோசம். எல்லோருக்கும் சிவப்பு, இவனுக்கு மட்டும் வெறுமை. அழகுக்கென்று போட்ட கட்டம். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அதை யோசித்ததில்லை. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

எல்லோருடைய கட்டத்தையும் எடுத்தாள். பெயர்கள் கொடுத்தபடியே வந்தன, ஒரே அளவில், ஒரே கருப்பில். புதுப் பதிப்பாக வெளியிட்டாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவனுக்கு எழுதினாள்.

சாப்பிட உட்காரும்போது குடியிருப்புச் செயலாளர் தணிகாசலத்திடமிருந்து ஒரு புகார். புதுப் பதிப்பில் கட்டத்தைக் காணோமாம். அவருடைய அப்பாவின் எழுத்து அதில் பளிச்சென்று இருக்குமாம். இப்போது பெயரோடு பெயராகக் கிடக்கிறதாம். பெரிய பிழை, உடனே சரிசெய்ய வேண்டுமாம்.

'பிழை இல்லை' என்று குறித்து மூடினாள்.

சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. வழக்கம்போலக் கோணல். ஓரத்தில் ஒருவனுக்குத் தலை பாதி இல்லை. மைதானத்தில் வரிசையாக நின்றார்கள், எல்லோர் நெஞ்சிலும் வெள்ளை அட்டை. எடுத்துக் கொடுத்தவனுக்குக் கை ஆடியிருக்கிறது. எழுத்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அமலன் யாரென்று தெரியவில்லை.