ஓரத்துப் புள்ளி

குழந்தைகளுக்கு வேடிக்கைக் கதை எழுதும் எப்சிபா, எந்தக் கதையையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் பக்கத்துப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் வாசித்துக் காட்டுவாள். பிள்ளைகள் சிரிக்கும் வரிக்கு நேராக, தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இல்லாத பக்கத்தை வீட்டுக்குப் போனதும் கிழித்துப் போடுவாள். இருபத்தாறு புத்தகங்கள் அப்படித்தான் வந்தன. பக்கவாதத்தில் வாய் கோணிய பிறகு எழுதிய முதல் கதை, தன் தும்மலுக்கே பயந்து ஓடும் யானையைப் பற்றியது. முதல் வரியை அவள் குழறி முடிப்பதற்குள் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இவ்வளவு சிரிச்சாங்களே அக்கா, புள்ளி வைக்கலியா?" என்றாள் வகுப்பாசிரியை. "அது என் வாய்க்குச் சிரிச்சது. கதைய அவங்க இன்னும் கேக்கவே இல்ல," என்ற எப்சிபா, வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். மறுநாள் முதல் தினமும் காலையில் வந்து பெயர்களை வாசித்தாள். தங்கள் பெயர்கள் அந்த வாயில் படும் பாட்டைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் சிரிப்பு பாதியானது. பன்னிரண்டாம் நாள் முப்பத்துநான்கு பேரும் சிரிக்காமல் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். எப்சிபா பதிவேட்டை மூடினாள். பையிலிருந்து கதையை எடுத்து, பென்சில் முனையை முதல் வரியின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.